பத்து என்ற எண்ணும் ஒரு பாட்டில் இரத்தமும்

அறுவைச் சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். பரிசோதனைத் தாளில் ஹீமோகுளோபின் 8 கிராம். "ஒரு பாட்டில் இரத்தம் ஏற்றிவிடுங்கள் டாக்டர், தெம்பு வரட்டும்" என்கிறார்கள் உறவினர்கள். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என எப்பகுதி மருத்துவமனையிலும் கேட்கக்கூடிய வேண்டுகோள்தான் இது. இதில் எவ்வளவு அறிவியல் இருக்கிறது?

'பத்துக்குக் கீழே போனால் இரத்தம் ஏற்று' என்ற வழக்கத்தின் மூலம் 1942-இல் இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஆடம்ஸ், லண்டி இருவரும், ஹீமோகுளோபின் 8 முதல் 10 கிராமுக்கும் குறைவாக இருந்தால் அறுவைக்கு முன் இரத்தம் ஏற்றுவது நல்லது என்று எழுதினார்கள். அது அனுபவத்தில் பிறந்த ஆலோசனை. சோதனையில் பிறந்த விதி அன்று. ஆயினும் பல பத்தாண்டுகள் அது விதியாகவே ஆண்டது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் சுமக்கும். ஓய்வில் இதயம் நிமிடத்திற்கு 5 லிட்டர் இரத்தத்தை அனுப்புகிறது. 100 மில்லிலிட்டரில் 8 கிராம் இருந்தாலும், நிமிடத்திற்கு ஏறத்தாழ 535 மில்லிலிட்டர் பிராணவாயு உடலுக்குச் செல்கிறது. ஓய்வில் உடலுக்குத் தேவை சுமார் 250 மட்டுமே. தேவை மிகுந்தால் இதயமும் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பரிசோதனை காட்டுவது செறிவு. மொத்த அளவு அன்று. உப்புநீரை நரம்பில் ஏற்றினால், ஒரு சிவப்பணுவும் வெளியேறாமலே எண் குறையும். திடீரென இரத்தம் கொட்டினாலோ, தொடக்கத்தில் எண் அவ்வளவாகக் குறையாது. எண்ணை மட்டும் நம்புவது எவ்வளவு தவறு, பார்த்தீர்களா?

கணக்கை ஆய்வும் உறுதி செய்தது. 2011-இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில், இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட 2016 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். எல்லோரும் இதய நோயோ அதற்கான வாய்ப்போ உள்ள முதியோர். ஒரு பிரிவுக்கு எல்லை 10. மற்றதற்கு 8, அல்லது நோயின் அறிகுறி. இறப்பிலும் நடக்கும் திறனிலும் வேறுபாடு தென்படவில்லை. இரண்டாம் பிரிவில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தமே தேவைப்படவில்லை.

தேவையில்லாத பாட்டில் தீங்கற்றதும் அன்று. ஒவ்வாமை, நுரையீரலில் நீர் கோத்தல், தொற்று ஆகியவை அரியவை, ஆனால் உண்டு. 2018 டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் இரத்தசோகையுள்ள கர்ப்பிணி ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது வெளிவந்தது. நாடே அதிர்ந்தது.

அப்படியானால் இரத்தமே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. இரத்தப்போக்கு நிற்காதபோதும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஓய்விலும் தணியாத நாடித்துடிப்பு ஆகியவை உள்ளபோதும், தயங்குவதே ஆபத்து. நிலையாக உள்ளவர்களுக்கு இன்றைய வழிகாட்டு நெறி பெரும்பாலும் 7 கிராம்; எலும்பு அறுவைக்கும் இதய நோயாளிகளுக்கும் 8. அப்போதும் ஒரு பாட்டில் ஏற்றி, மறுபடி சோதித்து, பிறகே அடுத்ததை முடிவு செய்வது முறை.

ஆகவே மருத்துவரிடம், "இரத்தம் ஏற்றுங்கள்" என்று கேட்காதீர்கள். "இவருக்கு இரத்தம் ஏன் தேவை? இரும்புச்சத்து போதுமா?" என்று கேளுங்கள். முடிவு அவருடையது, கேள்வி நம்முடையது. யாரோ ஒருவர் மனமுவந்து அளித்த இரத்தம், அது இல்லாமல் பிழைக்க முடியாதவருக்காகக் காத்திருக்கட்டும்.