பெயர் பொறிக்காத பெருமை

பெயர் பொறிக்காத கைப்பைகளே உயர்ந்தவை என்னும் இரசனை இப்போது செல்வர் உலகில் ஓங்கி நிற்கிறது. இத்தாலியின் விச்சென்சாவில் 1966இல் தொடங்கப்பட்ட போத்தேகா வெனத்தா நிறுவனத்தை இதற்கு முன்னோடி எனலாம். மெல்லிய தோல் வார்களைப் பாய் முடைவதுபோல் பின்னிப் பை செய்வது அதன் தனித்தன்மை. வெளியே நிறுவனத்தின் எழுத்தோ இலச்சினையோ இராது. வாங்குபவரின் பெயரெழுத்துகளே போதும் என்பது 1970களில் அது செய்த விளம்பரத்தின் சாரம். பின்னலின் நேர்த்தியை நாம் மறுக்கவில்லை. பனையோலைக் கொட்டான் முடையும் நம் பெண்களுக்கு அதன் அருமை உடனே விளங்கும். ஆனால் இந்தப் பெயரின்மையை எளிமை என்றும் அடக்கம் என்றும் பாராட்டுகிறார்களே, அதை ஏற்க நமக்கு மனம் வரவில்லை.

கோவில்பட்டிக் கரிசலில் நின்று பார்த்தால் காரணம் புலப்படும். இங்கே பெயரும் படமும் தேவைப்பட்டவை மலிவான பொருள்களே. தீப்பெட்டியின் விலை 2021 டிசம்பரில்தான் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயாயிற்று. அத்துணைச் சிறிய பொருளின்மேல் எத்துணைப் படங்கள்! குச்சிக்குக் குச்சி பெரிய வேற்றுமை இல்லாதபோது, மேலே ஒட்டிய படம்தானே விற்றுத்தர வேண்டும்? 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கடலைமிட்டாய்க்கும் ஊர்ப்பெயரே காவல். சிறு உற்பத்தியாளருக்குப் பெயர் என்பது செருக்கன்று, பிழைப்பு.

இதே மண்ணின் விலையுயர்ந்த அணிகலனிலோ எப்பெயரும் இருந்ததில்லை. பாம்படத்தைச் சொல்கிறோம். இளமையிலேயே காது குத்தி, குணுக்கு மாட்டி, தோள் தொட வளர்த்த காதுகளில் அது தொங்கியது. அரக்கின்மேல் பொன்தகடு போர்த்திய கட்டங்களும் உருண்டைகளும் கூடிய வடிவம். பூவில்லை, கொடியில்லை, மயிலில்லை. நவீனச் சிற்பம் என்று சொல்லி வைத்தால் நம்புவோர் பலர். அதைச் செய்த பத்தரின் பெயர் எங்குமில்லை என்பதுதான் நமக்குச் சற்று வருத்தம்.

பாம்படம் அடக்கமான நகையா? இல்லவே இல்லை. நடைக்கு நடை ஆடித் தன்னை அறிவித்த நகை அது. ஆயினும் அதன் மொழி ஊரார் அனைவருக்கும் தெரிந்த மொழி. பருத்தி எடுக்கக் கூலிக்கு வந்தவளும் எத்தனை பவுன் தேறும் என்று கண்ணாலேயே கணக்கிட்டுவிடுவாள். இலச்சினையற்ற கைப்பையின் மொழியோ, அதை வாங்க வல்ல சிலருக்கே புரியும். பெயரை நீக்கியதால் பெருமை நீங்கவில்லை. பார்வையாளர் தொகைதான் சுருங்கிற்று. ஏழை ஒருவர் பொறாமைப்படக்கூட இடமின்றி மறைத்து வைப்பதற்கு எளிமை என்றா பெயர்? யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் காட்டும் பொன் மோதிரக்காரரையாவது கூடியிருந்த எல்லாருக்கும் அடையாளம் தெரிந்தது.

இன்னொன்றும் உண்டு. கரிசல் மழையை நம்பிய மானாவாரிப் பூமி. வானம் பொய்த்த ஆண்டுகளில் பாம்படம் அடகுக்கடைக்குப் போகும். விதையாகவும் கம்பாகவும் வீடு திரும்பும். அரக்கைக் கழித்தாலும் பொன்னுக்கு விலை உண்டு. கைப்பையிடமிருந்து அதன் நிறுவனத்தைக் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம் தோல். மீட்க இயலாமற்போன பாம்படங்களும் பல. நகை போனாலும் வளர்ந்த காது சுருங்குவதில்லை. வெறுமையாய்த் தோளில் ஆடிய அந்தக் காதுமடல், அங்கே என்ன இருந்தது என்பதை ஊருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.