மலையைக் கண்டவரும் மலையைச் செய்தவரும்

அடம்பனிலே மலை கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வயலும், அவ்வயலுக்கு நீரூட்டும் கட்டுக்கரைக்குளத்து வாய்க்கால்களும், அப்பாற் சென்றால் மாந்தையும் கடலுமே எமக்குரியவை. ஆகவே எம் மாணவர்க்கு மலை என்பது ஏட்டிலே படிப்பது. அல்லது கல்விச் சுற்றுலாவின்போது பேருந்தின் சாளரத்தூடாகப் பார்ப்பது. அண்மையில் நுவரெலியாவுக்குச் சென்று திரும்பியபின், வழமைபோல், ‘நான் கண்ட மலைநாடு’ என்னும் தலைப்பிலே கட்டுரை வரையுமாறு வகுப்பைப் பணித்தேன். முப்பத்தெட்டுக் கட்டுரைகள் வந்தன. முப்பத்தேழு ஒரே அச்சில் வார்த்தவை. எஞ்சிய ஒன்றைப் பற்றிக் கடைசியிற் சொல்வேன்.

அந்த அச்சை மாணவர் தாமாகச் செய்துகொள்ளவில்லை. பயணக் கட்டுரையாளர் செய்து கொடுத்தது அது. வளைந்து நெளியும் பாதை முதலில் வரும், அடுத்து மூடுபனி, அதன்பின் வெள்ளித்தட்டாய் மின்னும் கிறகரி வாவி, வாவிக்குப் பின்னே 2,524 மீற்றர் உயர்ந்து நிற்கும் பீதுருதலாகலைச் சிகரம். ஓட்டன் சமவெளியின் ‘உலக முடிவு’ விளிம்பில் நின்று, ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தான பள்ளத்தை நோக்கி, ‘இறைவனின் கைவண்ணமே!’ என்று வியத்தலோடு கட்டுரை முடியும். தேயிலை மலைகள் ‘பச்சைக் கம்பளம்’ ஆகும். அக்கம்பளத்தின்மீது கொழுந்து பறிக்கும் பெண்கள் ‘வண்ணப் பொட்டுக்கள்’ ஆவர். பொட்டுக்குப் பெயரில்லை, பசியில்லை, கூலியில்லை, குடும்பமில்லை. மனிதரைப் பொட்டாக்கும் கலைக்குத்தான் எம்மவர் ‘வருணனை’ என்று பெயர் சூட்டியிருக்கின்றனர்.

மலையழகை நான் மறுக்க வரவில்லை. என் வினா வேறு. இயற்கையின் ஆக்கமென்று இவர்கள் வியப்பவற்றுள் இயற்கை எவ்வளவு, மனிதர் உழைப்பு எவ்வளவு?

கிறகரி வாவியையே எடுத்துக்கொள்வோம். அது இயற்கை ஏரியன்று. 1872 முதல் 1877 வரை தேசாதிபதியாயிருந்த வில்லியம் கிறகரியின் காலத்திலே, மலையடிச் சதுப்பில் ஓடையைத் தடுத்து உண்டாக்கப்பட்டது. எம் கட்டுக்கரைக்குளம் நெல்லுக்காகக் கட்டிய நீர்; அந்த வாவியோ வெப்பத்துக்கு அஞ்சி மலையேறிய துரைமாரின் பொழுதுபோக்குக்கு வாய்த்த நீர். நகரும் அவ்வாறே. 1840களின் பிற்பகுதியில் அங்கு குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் வேட்டைக்காரர், ஆங்கில நாட்டுக் கிராமமொன்றை இம்மலையில் நடுவதற்கு முனைந்தார். கால்நடைகளையும் உழுகருவிகளையும் ஆட்களையும் கப்பலேற்றிக் கொணர்ந்தார். 1861இல் அமைந்த அக்கலைப் பூங்காவின் முதல் நோக்கமும் பூவன்று. காய்ச்சலுக்கு மருந்தாகும் சிங்கோனா மரத்தை வளர்த்தலே. கம்பளம் எனப்படும் தேயிலையோ, 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழியத் தொடங்கியபின் அதன் இடத்தைப் பிடித்த வாணிபப் பயிர். காட்டை வெட்டியது யார்? சரிவிலே கல்லடுக்கியது யார்? ‘இறைவனின் கைவண்ணம்’ என்று எழுதும்போது அந்தக் கைகளுக்குரிய கூலி மட்டுமன்றிப் புகழும் பறிக்கப்படுகிறது.

அக்கைகள் எவ்வழியாக மலைக்குச் சென்றன என்பதை மன்னாரில் வாழும் நாம் மறப்பதற்கில்லை. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் துரத்தப்பட்டு, தோணியேறி இக்கரையில் இறங்கியோர், கங்காணியின் பின்னால் வன்னிக் காட்டினூடே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டோர் மிகப் பலர். 1914இல் தலைமன்னார்க் கப்பற் சேவையும் புகைவண்டியும் இணைந்தன. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென விதித்தது. அதன்படி மலையை விட்டுச் சென்றோர் கப்பலேறியதும் பெரும்பாலும் அதே தலைமன்னார்த் துறையில்தான். 2023ஆம் ஆண்டு, இருநூறாண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்களும் அவர்தம் நண்பர்களும் நடந்து சென்றனர். நம் பேருந்து நுவரெலியாவுக்கு உல்லாசமாக ஓடியதும் அந்தத் திசையிலேதான். முப்பத்தேழு கட்டுரைகளில் ஒன்றிலேனும் இச்செய்தி இல்லை.

தமிழ் மரபு இப்படி எழுதச் சொன்னதா? தொல்காப்பியம் கற்றோர் அறிவர்: குறிஞ்சி என்பது வெறும் மலைக்காட்சியன்று. தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை என வரும் கருப்பொருள்களோடு அந்நில மக்களின் தொழிலும் வைத்து எண்ணப்பட்டது. தினைப்புனம் காக்கும் பெண் இல்லாமல் எம் முன்னோர் மலையைப் பாடவில்லை. ஆளில்லா மலையை அழகெனக் காணும் கண், அங்கு உழைக்காதவனின் கண்.

அக்கண்ணுக்கு மேனாட்டிலும் ஒரு வரலாறு உண்டு. ஆங்கில நாட்டு ஏரிப் பிரதேசத்தின் அழகை உலகறியச் செய்த கவிஞர் வேட்சுவேத், 1844இல் அங்கு புகைவண்டிப் பாதை அமைப்பதை எதிர்த்து எழுதினார். அத்தகைய காட்சியைச் சுவைக்கும் பயிற்சி ஆலைத் தொழிலாளருக்கு இல்லையென்பது அவர் வாதங்களுள் ஒன்று. இயற்கையை மனிதரின் ஆசானாகக் கண்ட பெருங்கவிஞரும் அந்த ஆசானின் வகுப்பறைக் கதவை உழைப்பாளிக்குச் சாத்த முனைந்தமை சிந்திக்கத்தக்கது. அதற்கு மறுமொழி 1932இல் வந்தது. மஞ்செஸ்ரர் நகரத்து இளந்தொழிலாளர் நூற்றுக்கணக்கில் திரண்டு, நிலப்பிரபுக்களின் வேட்டைக்கென வேலியிட்ட கிண்டர் மலைமீது தடையை மீறி ஏறினர். சிலர் சிறை சென்றனர். மலையழகு உழைப்பாளிக்கும் உரியது என்பதே அவர்கள் நிலைநாட்டிய உண்மை.

எனவே, ‘சுற்றுலாச் சென்றவன் தொழிற்சங்க அறிக்கையா எழுதவேண்டும்?’ என்று கேட்போர்க்கு விடை எளிது. அறிக்கை வேண்டாம், கண்டதை முழுமையாகக் காணுங்கள் என்பதே எம் வேண்டுகோள். எம் எழுத்தாளர் சிலர் அவ்வாறு கண்டிருக்கின்றனர். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யிலே தேயிலைத் தோட்டம் மருதியின் வாழ்வை உறிஞ்சும் இடமாக வருகின்றது, அங்கே குளிரும் மழையும் வெறும் அலங்காரமல்ல. கோகிலம் சுப்பையா தம் நாவலுக்கு ‘தூரத்துப் பச்சை’ எனப் பெயரிட்டார். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கே பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. அப்பச்சையை நம்பிக் கடல் கடந்தோர் அருகிலே கண்டது வேறு. அந்த இரு சொற்களில் நம் பயணக் கட்டுரைகள் அனைத்துக்குமான விமர்சனம் அடங்கியிருக்கிறது. தோட்டத்திலே பிறந்து 1947இல் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்திலே பாடியபோதும் மலையின் எழிலை விலக்கவில்லை. விடியலின் அழகும் விடியலில் எழும் மக்களின் துயரும் அவரிடம் ஒன்றாகவே வந்தன. அழகுணர்வும் சமூக உணர்வும் பகை என்போர் அவரைப் படிப்பது நன்று.

இனி அந்த முப்பத்தெட்டாவது கட்டுரை. கலவரத்தின்பின் மலையை விட்டு இப்பக்கம் வந்து குடியேறிய குடும்பமொன்றின் பெண்பிள்ளை எழுதியது. ஒன்றரைப் பக்கமே இருந்தது. வாவியைப் பற்றி ஒரு வரியுமில்லை. பேருந்து ஒரு லயத்தைக் கடந்தபோது தன் அப்பாயி பிறந்ததும் அப்படியொரு காம்பிராவில்தான் என்று நினைத்தாளாம். வீடு திரும்பி, மலை அவ்வளவு அழகாயிருந்ததே, நீங்கள் ஏன் ஒருநாளும் சொல்லவில்லை என்று கேட்டாளாம். “நிமிர்ந்து பாத்தா கூடை நெறையாது தாயி” என்றாராம் அந்த அப்பாயி.

நான் என்ன செய்தேன்? ‘அப்பாயி’ என்பதைச் சிவப்பு மையால் வெட்டி ‘அப்பம்மா’ என்று திருத்தினேன். ‘வருணனை போதாது’ என்று ஓரத்தில் எழுதினேன். வகுப்பிலேயே மிகக் குறைந்த புள்ளியை அதற்கு இட்டேன். வெள்ளித்தட்டுக்கும் பச்சைக் கம்பளத்துக்கும் தாராளமாக வழங்கிய பேனைதான் இதையும் செய்தது.

இக்கட்டுரை முழுவதும் நான் குறைகூறிய அச்சு எங்கோ பத்திரிகைக் காரியாலயத்தில் மட்டும் இல்லை. அது ஆசிரியனின் மேசையிலும் இருக்கிறது. பிள்ளை கண்டதை அழித்து, காணாததை எழுதப் பழக்குகிறோம். பின்னர் இலக்கியத்திலே யதார்த்தம் இல்லையென்று வருந்துகிறோம். அந்தக் கொப்பியைத் திரும்ப வாங்கினேன். வெட்டிய சொல்லின்மேல் ‘சரி’ என்று எழுதினேன்; புள்ளியையும் திருத்தினேன். அவளுடைய சம்மதத்தோடு மறுநாள் அக்கட்டுரையை வகுப்பிலே உரக்க வாசித்தேன். கூடை நிறையாத வரியிலே வகுப்பு அமைதியாயிற்று. பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: “சேர், அப்ப நாங்கள் பார்த்தது என்ன?”

அந்த வினாவுக்கு விடையாக மற்ற முப்பத்தேழு பேரும் தத்தம் கட்டுரையை மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.