மனோன்மணியும் மஸ்தானும்

இராயபுரத்தில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) அவர்களின் பாடல்களை இரு சாரார் இருவிதமாக இழந்துள்ளனர். ஒரு சாரார், அவற்றில் வரும் யோகச் சொற்களுக்கு அஞ்சி, இவை தவ்ஹீதுக்கு முரணான அத்துவைதம் என்று ஒதுக்கினர். மற்றொரு சாரார், அவர் சமயம் கடந்த சித்தர் என்று புகழ்ந்து, அவருடைய இஸ்லாத்தையே கழற்றி வைத்துவிட்டனர். இரு தீர்ப்புகளும் சொற்களைக் கண்டனவேயன்றி, அச்சொற்கள் பாட்டில் செய்யும் பணியைக் காணவில்லை.

‘மனோன்மணி’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். சைவ மரபில் அது சக்தியின் பெயர். ஹடயோகப் பிரதீபிகையின் நான்காம் அத்தியாயமோ சமாதி, உன்மனி, மனோன்மணி, அத்துவைதம், துரியம் ஆகியவற்றை ஒருபொருட் சொற்களாக அடுக்குகிறது. மனத்தின் ஓட்டம் ஓய்ந்து, உணர்வு மட்டும் விழித்திருக்கும் நிலை அது. அவ்வுணர்வே பிரம்மம், சீவன் அதற்கு வேறன்று, வேறெனத் தோன்றுவது அவித்தை என்பது அத்துவைதம். அதன்படி சாதகன் எதையும் புதிதாக அடைவதில்லை. தான் அதுவாகவே இருப்பதை அறிகிறான்.

மஸ்தான் சாகிபு இச்சொல்லை எடுத்து என்ன செய்தார்? மனோன்மணிக் கண்ணியில் அதனைக் காதலியாக்கி, பிரிவாற்றாது ஏங்கும் காதலனாகத் தாம் நின்றார். தமிழ்ப் பக்தி மரபில் பெரும்பாலும் உயிரே நாயகி, இறைவன் நாயகன். இங்கோ அம்முறை தலைகீழாகியுள்ளது. இஃது இப்னுல் ஃபாரிள் (மறைவு 1235) போன்ற அரபு சூஃபிக் கவிஞர்களின் வழக்கு. சொல் யோக நூலுடையது, உறவு தஸவ்வுஃபுடையது. ஏங்குகின்றவன் இருக்கும்வரை அடிமையும் இருக்கின்றான். அத்துவைதத்தின் முடிந்த முடிபில் ஏங்குவதற்கு யாரும் எஞ்சுவதில்லை.

எனினும் ஒரு குறையை மறைத்தல் நேர்மையன்று. ‘ஃபனா’வின் மயக்கத்தில் எழும் கூற்றுக்கும் ‘பகா’வின் தெளிவில் எழும் கூற்றுக்கும் இடையிலான எல்லையை அவர் எல்லா இடத்தும் காட்டவில்லை. முரீதுகளின் சபைக்கு அது போதும். தனியே படிப்பவருக்குப் போதாது. ஷைகு அஹ்மத் ஸர்ஹிந்தீ (1564–1624) காட்டிய உவமை இங்கே உதவும்: கதிரவன் எழும்போது விண்மீன்கள் கண்ணுக்கு மறைகின்றன, இல்லாமற் போவதில்லை. ஒருமை காட்சியில்தான், உள்ளமையில் அன்று.

பிறர் தத்துவத்தை அறிவது அதில் கரைவதாகாது. பதினோராம் நூற்றாண்டிலேயே அல்பீரூனி பதஞ்சலியின் யோக நூலை அரபியில் தந்தார். இளவரசர் தாரா ஷிகோ 1657இல் உபநிடதங்களைப் பாரசீகத்தில் ஆக்கினார். மஸ்தான் சாகிபின் பராபரக் கண்ணி, தாயுமானவர் கையாண்ட பெயரையும் வடிவத்தையும் ஏற்றது. வித்துவான் சரவணப்பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். அதே மஸ்தான் சாகிபுதான் முகியித்தீன் சதகமும் பாடியவர். காதிரிய்யா வழியின் அந்த நங்கூரத்தை இரு சாராரும் மறந்துவிடுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர், “உஸ்தாத், இதைப் படித்தால் ஈமானுக்குப் பழுது வருமா?” என்று கேட்டார். முகியித்தீன் சதகத்தை முதலிலும் றகுமான் கண்ணியை அடுத்தும் மனோன்மணிக் கண்ணியை இறுதியிலும் படிக்குமாறு கூறினேன். படித்துவிட்டு வந்து அவர் கேட்ட ஐயங்கள், படிக்காமல் கேட்டதைவிடக் கடினமானவை. அவற்றை எதிர்கொள்ள அரபும் யோக நூலும் ஒருங்கே கற்றவர் எழுதும் உரை வேண்டும். பட்டினத்தார் சமாதி திருவொற்றியூரிலும் மஸ்தான் சாகிபின் தர்கா இராயபுரத்திலும் உள்ளன. ஒரே கரையில் அடங்கிய அவ்விருவரையும் ஒருவராக்கவும் வேண்டா; பகைவராக்கவும் வேண்டா. அவரவர் சொல்லை அவரவர் பொருளில் கேட்பதே நாம் செய்யத்தக்க அதபு.