எம்டனும் தொங்கானும்

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்தியது. நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி அதை அடித்து முடித்தது. ஜெயித்த சிட்னியை மறந்துட்டோம். தோற்ற எம்டன் தமிழ்ச் சொல்லாகிவிட்டது; கடல் இல்லாத எங்க திருவிடைமருதூரிலும் ‘ஆளு சரியான எம்டன்’தான். அந்தச் சொல்லில் சாமர்த்தியம் இருக்கு. கப்பலோடு செத்த 130க்கும் மேற்பட்ட மாலுமிகள் இல்லை.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ முக்கியமாவது இங்கேதான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சுமத்ராவிலிருந்து பினாங்குக்குப் போகும் தொங்கானில் பாண்டியன். புயலில் அவன் சாமர்த்தியத்துக்கு வேலையே இல்லை. உயிரோட கரை சேரணும், அவ்வளவுதான். போர்க்காலக் கடலைச் சாகசமாக்காமல் பயமாகவே எழுதியதுதான் சிங்காரத்தின் நேர்மை.