ஏகமனதாகும் கணக்கு: இளைஞர் மன்றங்களின் வரவு செலவுக் கூட்டம்

தமிழ்நாட்டு ஊர்களில் இயங்கும் இளைஞர் நற்பணி மன்றங்கள் பலவற்றில், பொங்கல் விளையாட்டு விழா முடிந்தபின் உறுப்பினர்கள் கூடி, பொருளாளர் வாசிக்கும் வரவு செலவை 'ஏகமனதாக', அதாவது எவரும் மறுப்புச் சொல்லாத நிலையில், ஏற்றுக்கொண்டதாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிடுவது வழக்கம். பணத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு மனக்கசப்பாக முற்றாமல் காக்கும் ஏற்பாடாக இவ்வழக்கம் போற்றப்படுகிறது. அப்போற்றுதலுக்கு நியாயம் உண்டு. ஆனால் அது பாதி நியாயமே.

மன்றம் ஊதியமில்லா உழைப்பால் நிற்பது. இவ்வாண்டு நிதி கபடி அணியின் சீருடைக்கா, மாலை நேரப் படிப்பகத்துக்கா என்று கேள்வி எழும்போது கை தூக்கச் சொல்லி எண்ணினால், தோற்றவர்கள் அடுத்த ஆண்டு வசூலுக்கு வரமாட்டார்கள். ஒரே தெருவில் முகம் பார்த்து வாழ வேண்டியவர்களுக்கு அந்த இழப்பு பெரிது. இரு தரப்பும் இணங்கும்வரை பேசுவதால், படிப்பகத்துக்கு இவ்வாண்டு அலமாரி மட்டும், புத்தகங்கள் அடுத்த ஆண்டு என்பது போன்ற நடுவழிகள் பிறக்கின்றன.

எனினும் ஒரே கூட்டத்தில் இரு வேறு பொருள்கள் கலந்துவிடுகின்றன. வருங்காலச் செலவுக்கான திட்டம் விருப்பத்தைச் சார்ந்தது. அதில் இணக்கம் காண்பது முறை. முடிந்துபோன செலவின் கணக்கோ உண்மையைச் சார்ந்தது. அது இணங்கி ஏற்க வேண்டியதன்று, சரிபார்க்க வேண்டியது. பந்தல், ஒலிபெருக்கி, பரிசுப் பொருள் என வரிசையாக வாசிக்கப்பட்டு, இறுதியில் 'இதர செலவு' என்ற தலைப்பில் ஒரு தொகை வரும்போது, கையில் நகலில்லாமல் காதால் மட்டும் கேட்பவர் எதைச் சரிபார்க்க முடியும்? பொருளாளர் வயதில் மூத்தவராகவும் கேட்க நினைப்பவர் பத்தொன்பது வயதினராகவும் இருந்தால், "அண்ணே, இதுக்கு ரசீது இருக்கா?" என்ற எளிய கேள்விகூட "என்மேலேயே சந்தேகமா?" என்ற மனத்தாங்கலில் முடிகிறது. கேளாமல் விடப்பட்ட கேள்வி மறுநாள் டீக்கடையில் பழிச்சொல்லாக உலவுகிறது. அங்கே பொருளாளர் பதில் சொல்லவும் வழியில்லை. அவர் நேர்மையானவராயின், இம்மௌனத்தால் மிகுதியாகப் பாதிக்கப்படுபவர் அவரே.

கணக்குக் கேட்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து (கி.பி. 919, 921) உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், முன்பு ஊர்ச் சபையின் வாரியத்தில், அதாவது நிர்வாகக் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் குடவோலைத் தேர்வுக்குத் தகுதியற்றவராக விலக்குகின்றன. அச்சபை எல்லாக் குடிகளுக்கும் உரியதாக இருக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அங்கே கணக்குக் காட்டுவது பொறுப்பாளரின் கடமையாக விதிக்கப்பட்டது, ஆள்மேல் எழுந்த ஐயமாகக் கருதப்படவில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பதிவுபெற்ற மன்றங்களுக்கும் முறையாகக் கணக்கு வைத்து ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டும் கடமை உண்டு.

ஆகவே மரியாதை என்பதைக் குரலின் பணிவில் மட்டும் தேடுவது போதாது. கேள்வி ஆளை நோக்காமல் தாளை நோக்கிச் செல்லும்படி கூட்டத்தை அமைப்பதிலேயே அது பெரிதும் அடங்கியுள்ளது. இணங்காதவரின் கருத்தும் தீர்மானப் புத்தகத்தில் இடம்பெற வேண்டும். வரும் பொங்கல் கணக்கையேனும் மன்றங்கள் ரசீதுகளின் நகலோடு, கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே மன்றத்தின் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும்.