கட்டிலருகே யார் யார் நின்றார்கள்?

தஞ்சை சிவகங்கைப் பூங்கா பக்கம் சுவார்ட்ஸ் தேவாலயத்தில் ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. லண்டன் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மன் செய்தது. சாகக் கிடக்கும் சுவார்ட்ஸ் பாதிரியார், அவர் கையைப் பிடித்தபடி இளைஞர் சரபோஜி, தலைமாட்டில் கெரிக்கே பாதிரியார், பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள். பார்த்ததும் ஆதியாகமம் 49 ஞாபகம் வந்தது. யாக்கோபு பன்னிரண்டு பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்துக் கடைசியாகப் பேசுகிற இடம்.

அதை 'ஆசீர்வாதம்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வாசித்துப் பாருங்கள், முதல் மூன்று பேருக்குக் கிடைப்பது திட்டுதான். தகப்பன் படுக்கையைக் கெடுத்த ரூபனுக்கு மூத்தவன் என்ற மேன்மை போச்சு. சிமியோன், லேவி இருவரின் கோபத்துக்கும் சாபம். செங்கோல் நாலாமவன் யூதாவுக்கு. என்னைக் கேட்டால் இது பாகப்பிரிவினை. யூதா கோத்திரத்துத் தாவீது அரசனான பிறகு எழுந்த வரிகள் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாமே பின்னால் கட்டியது என்றால் லேவி இடிக்கிறான். பின்னாளில் ஆசாரியர்கள் அவன் வம்சம்தான். உபாகமம் 33-ல் மோசே சாகுமுன் அவனை வாயாரப் புகழ்கிறார். இங்கே ஆசாரியத்துவம் பற்றி மூச்சே இல்லை. ஏதோ பழைய பாட்டுத் துண்டு, தொகுத்தவர் திருத்தாமல் விட்டிருக்கிறார். இந்த அதிகாரத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

சிற்பத்துக்கு வருவோம். 1787-ல் துளஜா மன்னர் சாகும் தறுவாயில் சிறுவன் சரபோஜியைத் தத்தெடுத்து, சுவார்ட்ஸின் பொறுப்பில் விட்டார். யாக்கோபும் சாகுமுன் பேரன்கள் இருவரைப் பிள்ளைகளாக்கிக் கொண்டவர்தான். ஆனால் பட்டம் துளஜாவின் தம்பி முறையான அமர்சிங்குக்குப் போனது. தத்து செல்லாது என்று பண்டிதர்கள் சொன்னதைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. பையனுக்காக வருஷக்கணக்கில் மன்றாடிய சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரியில் இறந்தார். அதே வருஷம் ஜூனில் அமர்சிங்கை இறக்கிச் சரபோஜியை ஏற்றினார்கள். 1799-லேயே ஒப்பந்தம் வந்து, நாட்டு நிர்வாகம் கம்பெனி கைக்குப் போனது. செங்கோல் கிடைத்த கதை அவ்வளவுதான்.

சரபோஜி அரசரான பிறகு கேட்டுச் செய்யவைத்த சிற்பம் இது. ஆசி பெற்றவரே ஆசிக் காட்சியைச் செதுக்கச் சொல்லியிருக்கிறார். யூதாவின் வரிகள் போலவே, முடிவு தெரிந்தபின் கட்டிலருகே திரும்பிப் போய் நிற்பது. அதனால் பொய் என்று சொல்லமாட்டேன். அன்பு நிஜம், மதம் மாறாமலே அந்தப் பாதிரியாரின் கல்லறைக்கு ஆங்கிலத்தில் செய்யுள் எழுதியவர் அவர். ஆனால் யாக்கோபின் பாட்டு ரூபனையும் கட்டிலருகே நிறுத்தி, திட்டவாவது செய்கிறது. இந்தப் பளிங்கில் அமர்சிங்குக்கு நிற்க இடமே இல்லை.