மலையிலிருந்து இறங்கினால் பினாங்கு

ஊரே குளிர் தேடிக் கேமரன் மலைக்கு ஏறி வருகிறது. கோலா தெர்லாவில் இருக்கும் எங்களுக்கோ விடுமுறை என்றால் வெயிலும் கடலும்தான். கம்போங் ராஜாவைத் தாண்டி, சிம்பாங் பூலாய் சாலையில் வளைந்து வளைந்து இறங்கி, ஈப்போவிலிருந்து வடக்கே நெடுஞ்சாலையைப் பிடித்தால் பினாங்கு. பத்து பெரிங்கி மணலில் படுக்க விரும்புகிறவர்கள் படுக்கட்டும். எனக்குப் பினாங்கு என்றால் ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்கள். தோட்டத்தில் பிறந்த தமிழருக்கு அந்தத் தெருக்களைப் போல நெஞ்சு நிறையும் இடம் இந்த நாட்டில் வேறு கிடையாது. அடித்துச் சொல்கிறேன்.

பாலத்தில் போகாதீர்கள். பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறுங்கள். நம் பாட்டன் பூட்டிமார் இந்தத் தீவை முதலில் பார்த்தது கடலிலிருந்துதான். 1929-இல் ரஸ்ஸல் என்பவர் எங்கள் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோதும், அதற்கு முன்பே கீழே ரப்பர் தோட்டங்கள் பெருகியபோதும், ஆட்கள் வந்த பெருவழி நாகப்பட்டினம்–பினாங்கு கப்பல் வழி. 1926 முதல் 1973 வரை ஓடிய ராஜூலா கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் எங்கள் லயத்துப் பெரியவர்களின் முகம் மாறும். அந்தக் கடலில், அந்தக் கரையை நோக்கிப் போகும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மெய் சிலிர்க்கிறது.

இறங்கியதும் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786 ஜூலையில் ஃபிரான்சிஸ் லைட் கரையிறங்கிய இடம். முதலில் மரவேலி, பிறகு 1804 தொடங்கி 1810-க்குள் செங்கல்லும் கல்லும். கட்டியவர்கள் யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். ஒரு போரையும் பார்க்காத அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், பெயர் எழுதப்படாத எத்தனை கைகள் அதில் இருக்கின்றன! உள்ளே ஸ்ரீ ரம்பாய் பீரங்கி: 1603-இல் டச்சுக்காரர்கள் வார்த்தது. ஜொகூர், அச்சே, சிலாங்கூர் என்று சுற்றிவிட்டு இங்கே வந்து சேர்ந்தது. பிள்ளை வரம் வேண்டி அதன் வாயில் பூ வைக்கும் வழக்கமும் உண்டு.

அங்கிருந்து நடந்தே போகலாம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவுக்கு. இந்தத் தெருவைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்கு அலுக்காது. 1818-இன் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் வெள்ளைத் தூண்களோடு நிற்கிறது. சற்று தூரத்தில் ஊதுவத்திப் புகை மண்டும் சீனர்களின் குவான் யின் கோயில். பக்கத்துத் தெருவான குயின் ஸ்திரீட்டில் கோபுரம் தூக்கி நிற்கும் மகா மாரியம்மன். 1833-இல் எழுந்தது, பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். தெருக்கோடியில் பள்ளிவாசல். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்து இங்கே தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் மைதீன் 1801-இல் நிறுவியது. சூலியா ஸ்திரீட் மூலையில் நாகூர் தர்கா வேறு! நாகூர் ஆண்டவரைக் கடல் தாண்டியும் கூடவே கூட்டி வந்திருக்கிறார்கள். ஒரே காலை நடையில் பரங்கிப்பேட்டையும் நாகூரும் குவான் யின்னும் மாரியாத்தாவும் கிடைக்கும் ஊர் உலகத்தில் எங்கே இருக்கிறது? 2008-இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததில் ஆச்சரியமே இல்லை.

பசித்தால் நாசி கண்டார். காவடித்தண்டில் சோறும் குழம்பும் தூக்கி விற்ற தமிழ் முஸ்லிம்கள் தந்த சாப்பாடு. குழம்பைக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள்.

திரும்பும்போது மட்டும் பாலத்தில் வாருங்கள். வலது பக்கம் பச்சையாக ஒரு குன்றுத் தீவு தெரியும். ஜெரஜாக். தொழுநோயாளிகளின் குடியிருப்பு, 1969-க்குப் பிறகு சிறைச்சாலை என்று பல வேடம் போட்ட தீவு. கப்பலில் வந்தவர்களை நோய் உண்டா என்று பார்க்க அடைத்து வைத்த முகாமும் அங்கேதான் இருந்தது. தோட்டத்துக்கு ஏறுவதற்கு முன் எத்தனையோ தமிழர்கள் மலாயாவில் முதல் சோறு தின்ற இடம் அது. உங்கள் பிள்ளைகளுக்கு அதைக் கட்டாயம் காட்டுங்கள். கைகாட்டி, பெயர் சொல்லிக் காட்டுங்கள்.

நாள் பார்த்துப் போக முடிந்தால் தைப்பூசத்துக்குப் போங்கள். முந்தின நாள் விடியற்காலை பினாங்கு ஸ்திரீட்டிலுள்ள செட்டியார்களின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். 1894-இல் காரைக்குடியிலிருந்து வந்த ரதம்! 2017 முதல் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் கிளம்புகிறது. இரண்டும் தண்ணீர்மலையை நோக்கி ஊர்ந்து போக, வழிநெடுகத் தேங்காய் மலை மலையாகக் குவிந்திருக்கும். நம்மவர்களுக்கு நிகராகச் சீனர்களும் நின்று உடைப்பார்கள். தேங்காய்த் தண்ணீர் சாலையில் ஓடும். இந்தக் காட்சியை ஒரு தடவையாவது பார்த்தே ஆக வேண்டும். தங்குவதற்கு அறையை மட்டும் மாதக்கணக்கில் முன்பே பிடித்து வைத்துவிடுங்கள்.